ஒரு அடிக்கு ஒரு அங்குலம்

தீபாவளிக்குப் பத்து நாள் முன்னால்
பல்செட் ஆர்டர் குவியும்.
எல்லாம் முறுக்குக்காக.
ஊர் வாயை மூட முடியாது என்பார்கள்,
பல்லாவது கட்டலாம் என்று
நாலு ரோட்டில், மருந்துக்கடை மாடியில்
பகலெல்லாம் உட்கார்ந்திருக்கிறேன்.
ராத்திரி அதே மேஜையில்
அதே மெழுகுக் கத்தியால்
பண்டிகை செய்கிறேன்.

செருப்பு வாங்கிய அட்டைப்பெட்டிக்குள்
ஒரு வீடு, ஒரு நாள்.
ஆடிப்பெருக்குக்குக் காப்பரிசி, உடைத்த ரவையில்.
பொங்கல் பானைக்குப் பேனா மூடி.
மாட்டுப்பொங்கலுக்கு மாடு இல்லை,
அதன் கழுத்து மணி மட்டும்,
செவ்வாய்ப்பேட்டைக் கொலுசுப் பட்டறையில்
கூட்டித் தள்ளிய முத்து.
ஆளோ மாடோ நான் செய்வதில்லை.
முகம் வராது எனக்கு.
வாய் மட்டும்தான் பழக்கம்.

வாசலில் செருப்பு விடுவேன்,
சைக்கிள் டியூபில் வெட்டியது.
எத்தனை ஜோடியோ அத்தனை பேர்
உள்ளே இருக்கிறார்கள் என்று அர்த்தம்.

இந்த வருஷம் அமலதாஸ் வீட்டுக் கிறிஸ்துமஸ்.
பக்கத்து ஸ்டூலில் பல்லுக்கு மெருகேற்றுபவன்,
ஏற்காட்டிலிருந்து தினமும் இறங்கி வருபவன்.
கேட்டுக் கேட்டுச் செய்தேன்.
தகரக் கூரை. காபி உலர்த்தும் களம்,
அதில் சிவப்படித்த கடுகு.
பல்லைக் கட்டும் கம்பியை வளைத்து
ஏழு அச்சு முறுக்கு.
ஈறுக்குக் குழைக்கும் ரோஸ் பவுடரில் கேக்.
மூலையில் குடில். குடிலுக்குள் ஒரு எள்.
அதை ஆள் என்று சொல்லலாமா, தெரியவில்லை.

கூரை முழுக்க நைலான் ஜவ்வரிசியைப்
பசை தொட்டு ஒட்டியிருந்தேன்.
சேலத்துக்காரன் வேறு எதைப் பனி என்பான்?

அமலதாஸ் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினான்.
'இது என்ன?'
'பனி.'
'எங்க மலையில பனி விழாதுடா. நிக்கும்.'

இரண்டு ராத்திரி சுரண்டினேன்.
வாய்க்குள் வைக்கும் பஞ்சுச் சுருளைப்
பிரித்துப் பிரித்து, மூச்சு விட்டால் கலைகிற அளவுக்கு ஆக்கி,
ஜன்னல் பாதி மறைய நிறுத்தினேன்.
சுரண்டிய ஜவ்வரிசிக்கு எறும்பு வந்தது.
அதில் ஒரு கட்டெறும்பு
வழி தவறி வீட்டுக்குள் போனது.
அளவுப்படி பார்த்தால் அது அணில்.
அச்சு முறுக்கை முகர்ந்தது.
கம்பி என்று தெரிந்ததும்
குடிலை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு
செருப்புகளைத் தாண்டி வெளியேறியது.
நான் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தேன்,
பஞ்சுக்காக மட்டுமல்ல.

இருபத்து மூணாம் தேதி
அமலதாஸ் மறுபடி குனிந்து பார்த்தான்.
பனி பற்றி ஒன்றும் சொல்லவில்லை.
வாசலை எண்ணினான்.
'அம்மா, ஃபிலோ, நான், சின்னவன்.
நாலு சரி.
வார்ல ஊக்கு குத்தின இந்த அஞ்சாவது யாருது?'

'கணக்கு தப்பிடுச்சு' என்றேன்,
மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கை
அளந்து பிழைக்கிற நான்.

அவன் மேஜைக்கடியில் குனிந்து
என் காலைப் பார்த்தான்.
பிறகு ஒரு கடைவாய்ப் பல்லை எடுத்து
மெருகேற்றத் தொடங்கினான்.
'நாளைக்கு ஆறரை பஸ்ஸ விட்டா
எட்டுக்குத்தான் அடுத்தது'
என்றான், பல்லிடம் சொல்வதுபோல.

மடியில் பெட்டி.
ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும்
இரண்டு கையாலும் அணைத்துக்கொள்கிறேன்.
பதிமூன்றாவதிலோ பதினாலாவதிலோ
உள்ளே ஏதோ பசை விட்டு உருள்கிறது.
கேக்காக இருக்கும்.
எள் என்றால் சத்தம் கேட்காது.
செருப்பாகவும் இருக்கலாம்.
பக்கத்தில் அமலதாஸ் வாய் திறந்து தூங்குகிறான்,
மேல்வரிசையில் ஒன்று நான் செய்தது.
கண்ணாடிக்கு வெளியே
பனி நிற்க ஆரம்பித்துவிட்டது.
இன்னும் ஆறோ ஏழோ வளைவு.